தெளிவான அக்ரிலிக்கை லேசர் பெட்டிக்கு ஜன்னலாக வைக்கலாமா?

கேள்வி: என்னிடம் 10 வாட் நீல டயோடு லேசர் இருக்கிறது. மூடி எதுவும் இல்லாத திறந்த மெஷின். பிளைவுட் வெட்டினால் ஓரமெல்லாம் கரி, அறை முழுக்கப் புகை. 3டி பிரிண்டர் கையில் இருப்பதால் காற்று ஊதும் நாசில், வெட்டும் பொருளைத் தாங்கும் தேன்கூட்டுத் தட்டு, மூடுபெட்டி மூன்றையும் நானே செய்ய நினைக்கிறேன். மிச்சம் கிடக்கும் 3 மி.மீ. தெளிவான அக்ரிலிக்கைப் பெட்டிக்கு ஜன்னலாக வைக்கலாமா? நண்பருடைய மெஷினின் மூடி அப்படித்தான் இருக்கிறது.

பதில்: முதல் வேலையாக அந்த அக்ரிலிக் ஷீட்டை எடுத்து ஓரமாக வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நண்பரிடம் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசராகத்தான் இருக்கும். அதன் ஒளி 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு. அக்ரிலிக் அதை மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடும். அதனால்தான் அந்த மெஷின் அக்ரிலிக்கை வெட்டுகிறது. சிதறி வரும் ஒளியை அதே அக்ரிலிக் மூடி தடுக்கவும் செய்கிறது. உங்களுடையது சுமார் 450 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் நீலம். தெளிவான ஷீட் வழியாக மறுபக்கம் உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அந்த நீலமும் அதே வழியாகத்தான் உங்கள் கண்ணுக்கு வரும்.

ஆரம்ப காலத்தில் நானே இதைத் தெரியாமல் தெளிவான அக்ரிலிக் துண்டு ஒன்றைப் பிளைவுட் மேல் வைத்து வெட்டப் பார்த்தேன். மெஷின் ஓடி முடிந்தது. அக்ரிலிக்கில் ஒரு கீறல்கூட இல்லை. தூக்கிப் பார்த்தால், அடியில் இருந்த பிளைவுட்டில் என் டிசைன் அச்சு அசலாகக் கருகியிருந்தது.

சரி, ஆரஞ்சு நிற அக்ரிலிக்? நீலத்தை உறிஞ்சுவதால்தான் அது ஆரஞ்சாகத் தெரிகிறது, ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு ஓ.டி. (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு) என்று எழுதி விற்கும் ஷீட்டாக இருக்க வேண்டும். ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் அதைத் தாண்டும், ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் சிதறி வரும் ஒளிக்குத்தான், நேராக விழும் ஒளிக்கற்றைக்கு இல்லை. என்னைக் கேட்டால் ஜன்னலே வேண்டாம். நாலு பக்கமும் அடைத்த பெட்டி, உள்ளே ஒரு சின்ன கேமரா, திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பலகையில் செய்தாலும் அடியில் உலோகத் தகடு போடுங்கள். வெட்டிக் கடக்கும் ஒளி கடைசியில் விழுவது அங்கேதான். வேலை ஓடும்போது கேமராவை நம்பி வேறு அறைக்குப் போகாதீர்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மூடியில் இரண்டு மைக்ரோசுவிட்ச் வையுங்கள், ஒன்றன் பின் ஒன்றாக, தொடர் இணைப்பில். மூடி அழுத்தினால் மின்சாரம் பாய வேண்டும். மூடியை எடுத்தால் நிற்க வேண்டும். இப்படி இணைத்தால், பின்னால் எப்போதாவது ஒரு வயர் கழன்றாலும் லேசர் அணைந்துதான் போகும். கன்ட்ரோல் போர்டில் 'கதவு' என்று ஒரு இணைப்பு இருந்தால் அதையும் கொடுக்கலாம், ஆனால் மென்பொருளை மட்டும் நம்பாமல் லேசர் மாட்யூலுக்குப் போகும் மின்சாரத்தையே வெட்டுங்கள். சுவிட்ச் தாங்கும் ஆம்பியர் போதவில்லை என்றால் நடுவே ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வையுங்கள்.

புகைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். அதைப் பெட்டியில் மாட்டாமல் குழாயின் வெளிப்பக்க முனையில் மாட்டுங்கள். அப்போது குழாயில் எங்காவது ஓட்டை இருந்தாலும் அறைக் காற்று உள்ளே இழுபடுமே தவிர, புகை வெளியே கசியாது. எதிர்ப்பக்கச் சுவரில் காற்று நுழைய வழி விட மறக்காதீர்கள். ஃபேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பி.வி.சி.யை வெட்டக் கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு உங்கள் நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் தண்டவாளத்தையும் துருப்பிடிக்க வைக்கும்.

நாசில் விஷயத்துக்கு வருவோம். 3டி பிரிண்டரில் போடும் பிளாஸ்டிக்குகளில் பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும், பி.இ.டி.ஜி. 80 வரை தாங்கும். பி.இ.டி.ஜி.யில் அச்சிடுங்கள். ஆனால் கற்றையைச் சுற்றிக் கூம்பு வடிவத்தில் வேண்டாம். லென்ஸை விட்டு வரும்போது கற்றை அகலமாகத்தான் இருக்கும்; வேலைப்பொருளை நெருங்க நெருங்கத்தான் குறுகும். என் முதல் கூம்பு நாசிலுக்கு 2 மி.மீ. துளை வைத்தேன். திடீரென்று 3 மி.மீ. பிளைவுட்கூட வெட்டவில்லை. லென்ஸ் போய்விட்டதோ என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். நாசிலைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, துளையின் ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. கற்றையின் ஓரம் பிளாஸ்டிக்கில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் புகைதான் லென்ஸிலும் படிந்திருக்கிறது.

அதனால் ஒரு மெல்லிய செம்புக் குழாயைப் பக்கவாட்டில் சாய்த்து, கற்றை படும் புள்ளியை நோக்கி ஊதும்படி வையுங்கள். அச்சிட வேண்டியது அந்தக் குழாயைப் பிடிக்கும் கிளிப் மட்டும்தான். எழுத்து, படம் பொறிக்க மீன்தொட்டி பம்ப் போதும். வெட்ட வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர் வாக்கில் ஊதும் பம்ப் இருந்தால் நல்லது. நீங்கள் சொன்ன கரி பெருமளவு இதிலேயே குறைந்துவிடும்.

தேன்கூட்டுத் தட்டை வீட்டில் செய்வது வீண் வேலை. அதற்குப் பதில் ஆக்ஸா பிளேடு வாங்குங்கள். 300 மி.மீ. நீளம், 12–13 மி.மீ. அகலம், எல்லாம் ஒரே அளவு. இரண்டு மரச்சட்டங்களில் 20 மி.மீ.க்கு ஒன்றாகக் காடி வெட்டி, பிளேடுகளைப் பல் மேலே பார்க்க நிறுத்துங்கள். இரு முனையிலும் இருக்கும் துளைகளில் கம்பியைக் கோத்துவிட்டால் அசையாது. பிளைவுட் பற்களின் நுனியில் மட்டும் உட்காருவதால் அடிப்பக்கம் எதிரொளி பட்டுக் கறுப்பது குறையும். இன்னொரு வசதி, பிளேடு எஃகு என்பதால் வளைந்த ஷீட்டைக் காந்தம் வைத்து இழுத்துப் பிடிக்கலாம். காடியை வெட்டும்போது உங்கள் லேசர் எவ்வளவு அகலம் தின்கிறது என்று முதலில் ஒரு சோதனைத் துண்டில் பாருங்கள்; பிளேடு தடிமன் ஒரு மி.மீ.கூட இருக்காது, கணக்கு தவறினால் லொடலொடவென்று ஆடும்.

புதுத் தட்டு போட்டதும் ஃபோகஸ் மாறியிருக்கும். ஒரு பலகையை ஒரு முனை உயர்ந்திருக்கும்படி சாய்த்து வைத்து, குறைந்த பவரில் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு போடுங்கள். கோடு பட்டையாகத் தொடங்கி, ஓரிடத்தில் முடிபோல மெலிந்து, மறுபடி பட்டையாகும். மெலிந்த இடத்துக்கு மேல் லேசர் தலையை நிறுத்தி இடைவெளியை அளந்து, அதே உயரத்துக்கு ஒரு மரத்துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் அளவுகோல்.

லென்ஸ், கண்ணுக்குப் போடும் லேசர் பாதுகாப்புக் கண்ணாடி, பவர் சப்ளை, இவற்றில் மட்டும் கைவைக்க வேண்டாம், வாங்கிவிடுங்கள். அரை வாட்டுக்கு மேல் போனாலே லேசர் நான்காம் வகுப்பில் சேர்ந்துவிடும். உங்களுடையது அதைப் போல இருபது மடங்கு.

பெட்டி தயாரானதும் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மிகக் குறைந்த பவரில் ஒரு நீளக் கோட்டை ஓடவிட்டு, பாதியில் மூடியை லேசாகத் தூக்குங்கள். கோடு அந்த இடத்திலேயே அறுந்திருக்க வேண்டும். அடுத்து, மூடி மூடியிருக்கும்போதே ஒரு சுவிட்சின் வயரை மட்டும் கழற்றிவிட்டு இன்னொரு கோடு கொடுத்துப் பாருங்கள். லேசர் எரியவே கூடாது. இரண்டாவது சுவிட்சுக்கும் இதே சோதனை.