லாபம் 5 லட்சம், சனிக்கிழமை சம்பளத்துக்குக் கடன்

கேள்வி: திருப்பூரில் பவர் டேபிள் எனும் தையல் பட்டறை வைத்திருக்கிறேன். 12 மெஷின், 14 பேர். மூன்று கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறோம். மாதம் சுமார் 4 லட்ச ரூபாய்க்கு பில் போடுகிறேன், ஜிஎஸ்டி தனி. வாரச் சம்பளம் 65,000. மாதத்துக்கு வாடகை 18,000, கரண்ட் 14,000, நூல், ஊசி, ஆயில் 22,000, ரிப்பேர், ஆட்டோ 15,000. மெஷின் கடனுக்குத் தவணை 17,000. வருஷத்துக்கு 5 லட்சம் லாபம் என்று ஆடிட்டர் காட்டுகிறார். ஆனால் சனிக்கிழமை வந்தால் சம்பளத்துக்குப் பணம் இருப்பதில்லை. கம்பெனிகளிடம் இன்றைக்கு 9 லட்சம் பாக்கி நிற்கிறது. தெரிந்தவரிடம் 3 லட்சம் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். மனைவியின் நகையும் அடகில் இருக்கிறது. அவர்தான் பட்டறையில் செக்கிங் பார்க்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்து 10 லட்சம் கடன் வாங்கினால் நிம்மதியாகத் தொழில் செய்யலாமா? லாபம் வந்தும் ஏன் கையில் பணம் இல்லை?

— திருப்பூர் வாசகர்

பதில்: வீட்டுப் பத்திரத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். 10 லட்சம் வந்தால் ஏழெட்டு மாதம் சனிக்கிழமைகள் அமைதியாகப் போகும். அப்புறம் இதே நிலைமைதான் திரும்ப வரும், கூடவே பத்திரமும் அடகில் இருக்கும். பணம் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்போம். நீங்கள் எழுதிய எண்களிலேயே பதில் இருக்கிறது.

உங்கள் ஆடிட்டர் தப்பாகச் சொல்லவில்லை. 4 லட்சம் பில்லில் சம்பளமும் நீங்கள் சொன்ன மற்ற செலவுகளும் சேர்ந்து சுமார் 3,50,000 போகிறது. மாதம் 50,000 மிச்சம். மெஷின் தேய்மானம், மெஷின் கடன் வட்டி எல்லாம் கழித்தால் வருஷத்துக்கு 5 லட்சம் என்ற கணக்கு வரும். ஆனால் அது பில் போட்ட கணக்கு, பணம் வந்த கணக்கு இல்லை. பில் எழுதிய அன்றே அது வருமானமாகிவிடுகிறது. ஜிஎஸ்டியும் அப்படித்தான். தையல் ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம் என்றால் மாதம் 20,000. கம்பெனி உங்களுக்குப் பணம் தந்ததோ இல்லையோ, அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் நீங்கள் கட்டியாக வேண்டும்.

9 லட்சம் பாக்கி என்பது உங்களுடைய இரண்டு மாதத்துக்கும் மேலான பில். தைத்தவருக்கு ஏழாம் நாள் சம்பளம் கொடுக்கிறீர்கள், தைத்ததற்கு அறுபத்தைந்தாவது நாளுக்கு மேல்தான் பணம் வருகிறது. நடுவில் இருக்கும் இரண்டு மாதத்தை உங்கள் கையிலிருந்து ஓட்டுகிறீர்கள். உண்மையில் அந்த மூன்று கம்பெனிகளுக்கு நீங்கள் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கடனைக் கொடுப்பதற்காகத்தான் வெளியே மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள். மாதம் 9,000, வருஷத்துக்கு 1,08,000 வட்டி. இந்த வட்டி ஆடிட்டர் கணக்கில் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். கைமாற்றாக வாங்கியதை யாரும் பில்லோடு கொண்டுபோய்க் கொடுப்பதில்லையே.

பாக்கி 45 நாளுக்குள் வர ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஜிஎஸ்டியோடு மாதம் 4.2 லட்சம், ஒன்றரை மாதத்துக்கு 6.3 லட்சம். பாக்கி 9 லட்சத்திலிருந்து அந்த அளவுக்கு இறங்கினால் 2.7 லட்சம் உங்கள் கைக்கு வரும். மூன்று வட்டிக் கடனில் பெரும்பகுதியை அதிலேயே அடைத்துவிடலாம். எந்த வங்கிக்கும் போக வேண்டாம், எந்தப் பத்திரமும் வேண்டாம்.

45 நாள் என்பது நான் இஷ்டத்துக்குச் சொன்ன எண் இல்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் உள்ளது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு வேண்டும். இதுவரை செய்யவில்லையென்றால் இந்த வாரமே ஆன்லைனில் செய்யுங்கள். கட்டணம் எதுவும் கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

சட்டத்தைக் காட்டிக் கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. அது நியாயமான பயம். ஒரு கம்பெனி போனால் மூன்றில் ஒரு பங்கு வேலை போகும். அதனால் சண்டை போடாமல் கேட்க ஒரு வழி சொல்கிறேன். 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி வந்தது. ஆடிட்டர்கள் 43பி(எச்) என்பார்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய நாளுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. எப்போது தருகிறதோ அந்த வருஷத்தில்தான் காட்டலாம். அதாவது கெடு தாண்டிய பாக்கியை நிதியாண்டு முடியும் மார்ச் வரை வைத்திருந்தால் அவர்களுக்கே வரி கூடும். ஆகவே ஜனவரியிலேயே உங்கள் உத்யம் சான்றிதழின் நகலையும் பாக்கிப் பட்டியலையும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மரியாதையாக ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள். முதலாளியிடம் நீங்கள் பேச வேண்டியதில்லை, அவருடைய ஆடிட்டரே பேசுவார்.

எதற்கும் அசையாத கம்பெனி என்றால், அதுவும் இனி அங்கே வேலை எடுப்பதில்லை என்று முடிவு செய்த பிறகு, குறு, சிறு நிறுவனங்களின் பாக்கிப் புகாருக்கென்று அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அது இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசு கவுன்சிலுக்குப் போகும். கவுன்சில் தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போவதென்றால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். கையெழுத்து வாங்கிய டிசி (டெலிவரி சலான்) இல்லாமல் இங்கே எதுவும் நிற்காது. பீஸ் இறக்கும்போதே எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். டேமேஜ், ஷார்ட்டேஜ் என்று மூன்று மாதம் கழித்து டெபிட் போட்டு உங்கள் பில்லில் கழிப்பதற்கும் அதுதான் பதில்.

சரி, வசூல் ஒரு பக்கம். இன்னொரு விஷயம் எனக்கு அதைவிடக் கவலையாக இருக்கிறது. உங்கள் செலவுப் பட்டியலில் இரண்டு பேரின் சம்பளம் இல்லை. ஒன்று உங்களுடையது, இன்னொன்று உங்கள் மனைவியுடையது. காலையிலிருந்து இரவு வரை செக்கிங் பார்க்கும் அவருக்கு வெளியே ஒரு கம்பெனியில் மாதம் 12,000-மாவது தருவார்கள். சூப்பர்வைசராகப் போனால் உங்களுக்கு 30,000 கிடைக்கும். இப்போது வீட்டுச் செலவுக்குத் தேவைப்படும்போதெல்லாம் பட்டறைப் பணத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எவ்வளவு எடுத்தோம் என்பது உங்களுக்கே தெரியாது. நகை அடகுக்குப் போனது அந்த ஓட்டை வழியாகத்தான்.

3,50,000-த்தோடு தவணை 17,000, வட்டி 9,000, உங்கள் சம்பளம் 30,000, மனைவியின் சம்பளம் 12,000 சேருங்கள். 4,18,000 வருகிறது. 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் ஷட்டரைத் தூக்க உங்களுக்கு சுமார் 16,100 ரூபாய் ஆகிறது. நீங்கள் பில் போடுவது நாளுக்கு 15,400. தினமும் 700 ரூபாய் குறைகிறது. இதில் இஎஸ்ஐ இன்னும் சேரவில்லை. பத்துப் பேர் இருந்தாலே அது உங்களுக்குப் பொருந்தும், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பதிவு செய்யாமல் இருந்தால் ஆடிட்டரிடம் உடனே பேசுங்கள். ஊசி ஏறிய விரலோடு ஒரு டெய்லர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதன் அருமை தெரியும்.

இந்த 16,100 என்ற எண்ணைப் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். இனி எந்த ஸ்டைல் வந்தாலும் பீஸ் ரேட்டை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு உதாரணம். ரவுண்ட் நெக் பீஸுக்கு 20 ரூபாய், நாளுக்கு 900 பீஸ் இறங்கினால் 18,000. பட்டி வைத்த காலர் டி-ஷர்ட்டுக்கு 28 ரூபாய், ஆனால் நாளுக்கு 500-தான் இறங்குகிறது என்றால் 14,000. ரேட் அதிகம் என்று ஆசையாக எடுத்த வேலையில் தினமும் 2,100 ரூபாய் போகிறது. ஸ்டைல் வாரியாக ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறங்குகிறது என்று இரண்டு மாதம் எழுதுங்கள். எந்த வேலையை விட வேண்டும், எதற்கு ரேட் கூட்டிக் கேட்க வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். ரேட் கூட்டித் தராத கம்பெனியிடம், வாரச் சம்பளத்துக்கு மட்டுமாவது சனிக்கிழமை பணம் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கணக்குக்குப் பெரிய சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். பில் தேதி, டிசி எண், தொகை, நாற்பத்தைந்தாவது நாள் எது, பணம் வந்த தேதி, இவ்வளவும் ஒரு நோட்டில் இருந்தால் போதும். பட்டறைக்கென்று தனி கரண்ட் அக்கவுண்ட் தொடங்கி, கம்பெனிப் பணம் எல்லாம் அதில் மட்டும் வரட்டும். அடுத்த சனிக்கிழமை சம்பள நோட்டில் பதினைந்தாவது பெயராக உங்கள் பெயரையும் பதினாறாவதாக உங்கள் மனைவி பெயரையும் எழுதுங்கள். உங்களுக்கு வாரம் 7,000, அவருக்கு 2,800. இரண்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். அதற்கு மேல் பட்டறைப் பணத்தைத் தொடாதீர்கள்.

மூன்று மாதம் இப்படி நடத்திவிட்டு, அந்த வங்கி ஸ்டேட்மென்டோடும் ஜிஎஸ்டி ரிட்டர்னோடும் வங்கிக்குப் போங்கள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். மொத்தமாகக் கையில் தரும் கடனாக வாங்காமல் சிசி (கேஷ் கிரெடிட்) லிமிட்டாகக் கேளுங்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும்தான் வட்டி. ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வைத்தாலும் 3 லட்சத்துக்கு 36,000 ஆகும். நீங்கள் இப்போது கட்டுவது 1,08,000. 4 லட்சம் லிமிட் உங்களுக்குப் போதும், 10 லட்சம் தேவையில்லை. கிடைத்ததும் மூன்று வட்டியில் மிச்சமிருப்பதை முதலில் அடையுங்கள். அடுத்து நகை. புது மெஷினைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.