விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை: சான்று எங்கே என்று ஏன் கேட்கிறார்கள்?

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வரும் புதியவர்களின் கேள்விகளும், அங்கே நெடுநாளாக எழுதித் திருத்தி வரும் எனது பதில்களும்.

கேள்வி: என் தாத்தா நாடக நடிகர். எழுபதுகளில் ஊர் ஊராகப் போய் நடித்தவர். அவரைப் பற்றி எழுதிய கட்டுரையை, குறிப்பிடத்தக்கமை இல்லை என்று நீக்கிவிட்டார்கள். அவர் அவ்வளவு சாதாரணமானவரா?

பதில்: இல்லவே இல்லை. அந்தச் சொல் மனதைப் புண்படுத்துகிறது, உண்மைதான். ஆனால் அது ஆளின் பெருமையை அளப்பதில்லை. அவரோடு தொடர்பில்லாத யாராவது அவரைப் பற்றி விரிவாக எழுதி, நம்பகமான இடத்தில் வெளியாகியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது.

கனடா இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லேண்டுக்கே இது நடந்தது. 2018 மே மாதம், போதுமான சான்று இல்லையென்று அவரைப் பற்றிய வரைவை ஆங்கில விக்கிப்பீடியாவில் திருப்பிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு! இயற்பியலில் அதைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். பரிசுக்குரிய ஆய்வு 1985இலேயே வெளிவந்துவிட்டது. வரைவில்தான் வேண்டிய சான்று இல்லை. திருப்பியவர் இன்னும் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: தாத்தாவைப் பற்றிய பத்திரிகை நறுக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கவில்லை. தேதியும் கிழிந்துபோயிருக்கிறது.

பதில்: சான்று இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இதழின் பெயர், தேதி, பக்க எண் கொடுத்தால் போதும். நறுக்கைத் திருப்பி, பின்பக்கத்தைப் பாருங்கள். பாதி சினிமா விளம்பரமோ, தேர்வு முடிவோ இருக்கும். படம் வெளியான நாளை வைத்து எந்த வாரம் என்று பிடித்துவிடலாம். அப்புறம் சென்னையில் கன்னிமாரா நூலகத்திலோ ரோஜா முத்தையா நூலகத்திலோ அந்த இதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். ஈழத்து இதழ் என்றால், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' திட்டத்தின் இணையதளத்தில் தேடலாம். ஒரு நறுக்கு மட்டும் பெரும்பாலும் போதாது. இரண்டு மூன்றாவது சேருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டை நானே படித்து எழுதலாமா?

பதில்: நீங்களே படித்துச் சொன்னால் அது சொந்த ஆய்வாகிவிடும், அதை விக்கிப்பீடியா ஏற்பதில்லை. தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் உங்கள் ஊர்க் கல்வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொகுதி எண்ணையும் கல்வெட்டு எண்ணையும் காட்டி எழுதுங்கள். தலபுராணத்தில் உள்ளதை "தலபுராணம் கூறுகிறது" என்றே எழுதுங்கள், வரலாறாக எழுத வேண்டாம்.

கேள்வி: முகநூல் பதிவு, சொந்த யூடியூப் சேனல்?

பதில்: குறிப்பிடத்தக்கமைக்கு உதவாது.

கேள்வி: ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்து, அதையே சான்றாகக் காட்டலாமா?

பதில்: ஒரு விக்கிப்பீடியா இன்னொன்றுக்குச் சான்றாகாது. அங்கே அடிக்குறிப்பில் உள்ள நூலையோ செய்தியையோ திறந்து, நீங்கள் எழுதும் வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உயிரோடு இருப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2005இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரை, கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ பொய்யாக எழுதிவிட்டார்கள். அது நான்கு மாதம் அப்படியே கிடந்தது.

கேள்வி: நீக்கிய கட்டுரை போனது போனதுதானா?

பதில்: இல்லை. நீக்கிய நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில், உங்கள் பயனர்வெளிக்கு, அதாவது உங்கள் கணக்குக்கு உரிய பக்கங்களுக்கு, மாற்றித் தரும்படி கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். தாத்தாவின் கட்டுரையையும் அப்படி வாங்கி, மணல்தொட்டி எனப்படும் உங்கள் பயிற்சிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கின் தேதி கிடைத்ததும் எனக்கும் சொல்லுங்கள், மேற்கோளைச் சேர்ந்தே இடுவோம்.