பல் விளக்குற நேரத்துல கீதை (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பகவத் கீதை வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு ஜனவரி ஒண்ணாம் தேதியும் ஆரம்பிக்கிறேன், யார் யார் எந்த சங்கு ஊதினாங்கங்கற இடத்துலயே நின்னு போயிடுது. படிச்சா வாழ்க்கையே மாறிடும்னு என் ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றா. நிஜமாவே ஒரு புக் ஆளை மாத்துமா, இல்ல சும்மா பேச்சா?
– வாசகி, திருப்பூர்

பதில்: சங்கு ஊதுற இடத்துல பாதி தமிழ்நாடே உங்க கூட நிக்குதும்மா, கவலைப்படாதீங்க. முதல் அத்தியாயம் 47 ஸ்லோகம், பாதிக்கு மேல பேர் லிஸ்ட்டும் அர்ஜுனன் புலம்பலும்தான். கிருஷ்ணர் அதுல ஒரே ஒரு தடவை, பாரு கௌரவங்க எல்லாம் கூடி நிக்கிறாங்கன்னு சொல்லிட்டு கம்முனு இருந்துடுவாரு. நேரா ரெண்டாவதுக்கு போயிடுங்க, ஒரு பாவமும் வராது.

மாத்துமான்னு கேட்டீங்களே, அதுக்கு காந்தி கதைதான் எனக்கு தெரிஞ்ச நல்ல உதாரணம், அவரே தன்னோட சுயசரிதையில ஒளிவுமறைவில்லாம எழுதி வச்சிருக்காரு. லண்டன்ல சட்டம் படிக்க போயி ரெண்டாவது வருஷம் முடியிற சமயம், தியாசபிகல் சொசைட்டிக்காரங்க (எல்லா மதத்தையும் ஆராயுற ஒரு சங்கம்) ரெண்டு பேர், அண்ணன் தம்பி, வாங்க சேர்ந்து கீதை படிக்கலாம்னு கூப்பிட்டிருக்காங்க. அவங்க கையில இருந்தது எட்வின் அர்னால்டோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. இவரு சமஸ்கிருதத்துலயும் படிச்சதில்ல, தாய்மொழி குஜராத்தியிலயும் படிச்சதில்ல, வெட்கமா போச்சுன்னு சொல்றாரு. படிச்சதும் மனசுல பதிஞ்சுது, ஆனா மறுநாளே ஆள் மாறிடல. தினமும் எடுக்கிற புக்கா அது ஆனதே சில வருஷம் கழிச்சுதான்.

நிஜமான கூத்து நடந்தது தென்னாப்பிரிக்காவுல, 1903 வாக்குல ஜோகன்னஸ்பர்க்ல வக்கீலா இருக்கறப்போ. நல்ல பிராக்டிஸ், உட்கார்ந்து படிக்க நேரம் கிடையாது. காலையில பல் விளக்க 15 நிமிஷம், குளிக்க 20 நிமிஷம் ஆகும் அவருக்கு. அந்த பல் விளக்குற நேரத்துல எதிர் சுவத்துல ஸ்லோகம் எழுதின துண்டு சீட்டை ஒட்டி வச்சு, பிரஷ் பண்ணிக்கிட்டே மனப்பாடம் பண்ணியிருக்காரு, குளிக்கறப்போ சொல்லிப் பார்த்துக்குவாரு, இப்படியே 13 அத்தியாயம் ஏறிடுச்சு. (நாம அந்த 15 நிமிஷத்துல ரீல்ஸ் பாக்குறோம், நானும்தான்.)

அதுல ஒரு வார்த்தை அவரை புடிச்சுக்கிச்சு, அபரிக்ரஹம், அதாவது எதையும் தன்னுதுன்னு சேர்த்து வச்சுக்காம இருக்கறது. அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் பம்பாய்ல ஒரு அமெரிக்க இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சிரிச்சு பேசி, உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா பொண்டாட்டி புள்ளைங்க கதி என்னன்னு பயமுறுத்தி, பத்தாயிரம் ரூபாய்க்கு பாலிசி போட வச்சிருந்தான். இப்ப சுவத்துல அபரிக்ரஹம், பீரோல பாலிசி பத்திரம், ரெண்டும் எப்படி ஒரே வீட்ல இருக்கும்? பாலிசிய விட்டுடுங்க, கட்டின பிரீமியம் போனா போகட்டும்னு ஊருக்கு எழுதிட்டாரு.

அதோட விடல. அப்பா ஸ்தானத்துல இருந்து படிக்க வச்ச அண்ணனுக்கும் ஒரு லெட்டர், இதுவரைக்கும் மிச்சம் பண்ணது எல்லாம் உங்களுக்கு கொடுத்துட்டேன், இனிமே என்கிட்டேர்ந்து எதிர்பார்க்காதீங்க, மிஞ்சினா பொது காரியத்துக்குத்தான்னு. அண்ணன் கொதிச்சு போயி குடும்பக் கடமைய பத்தி கடுமையா எழுதினாரு, அப்புறம் லெட்டர் போடுறதையே கிட்டத்தட்ட நிறுத்திட்டாரு. ரொம்ப வருஷம் கழிச்சு, கடைசி காலத்துல, அவரே மனசு உருகி எழுதி தன் பசங்கள தம்பிகிட்ட ஒப்படைச்சாரு, நேர்ல வந்து பாக்கணும்னு ஆசைப்பட்டாரு, அதுக்குள்ள போயிட்டாரு.

உங்க ஃப்ரெண்ட் இந்த பகுதிய சொல்லியிருக்க மாட்டாங்க. புக் ஆளை மாத்தினா கூட இருக்கறவங்களுக்கும் அதுல செலவு உண்டு, அந்த அண்ணன் பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் எனக்கு தோணுது. இதை படிச்சிட்டு நாளைக்கே உங்க எல்.ஐ.சி.ய நிறுத்திடாதீங்க தாயே, உங்க வீட்டுக்காரர் என்னை தேடி வந்துடுவாரு. 700 ஸ்லோகத்துல எதாச்சும் ஒரு வார்த்தை நம்ம பீரோக்குள்ள கைய விடும், அது எதுன்னு முன்னாடியே தெரியாது. அதுக்கு பக்கத்தை புரட்டிக்கிட்டே இருக்கணும், ரெண்டு பக்கமா இருந்தாலும் சரி.

கேள்வி: கீதாசாரம் படம் ஹால்ல மாட்டியிருக்கோம், "எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது"ன்னு தினமும் படிக்கிறேன். அது போதாதா?
– வாசகர், தேனி

பதில்: நல்ல வார்த்தைங்கதான், கஷ்டத்துல ஆறுதலா இருக்கும், மாட்டியே வைங்க. ஆனா அந்த வரி கீதையில எந்த ஸ்லோகமும் கிடையாது, தேடிப் பாருங்க. யாரோ எழுதி காலண்டர்லயும் சலூன்லயும் பரவினது.

கேள்வி: எனக்கு சமஸ்கிருதம் சுத்தமா தெரியாது. தமிழ்ல படிச்சா பலன் உண்டா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: காந்தியோட சீடர் வினோபா பாவேவோட அம்மாவுக்கும் இதே பிரச்சினைதான். சமஸ்கிருதம் புரியல, மராத்தியில ஒண்ணு வாங்கிட்டு வாடான்னாங்க, இவரு வாங்கிட்டு வந்தது அதைவிட கஷ்டமா இருந்துது, அப்ப நீயே எழுதேன்னு சொல்லிட்டாங்க. அம்மா 1918ல இறந்துட்டாங்க, பையன் 1930ல உட்கார்ந்து மராத்தி பாட்டா எழுதி அடுத்த வருஷம் முடிச்சாரு. 1932ல துலே ஜெயில்ல இருக்கறப்போ, கூட இருந்த கைதிங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு அத்தியாயம்னு மராத்தியிலயே 18 வாரம் பேசினாரு, மராத்தி எழுத்தாளர் சானே குருஜி கூடவே உட்கார்ந்து எழுதிக்கிட்டாரு. நமக்கு பாரதியாரே தமிழ்ல கீதைய மொழிபெயர்த்து கொடுத்திருக்காரு, அப்புறம் என்ன?

கேள்வி: பாரதம் வீட்ல படிச்சா சண்டை வரும், அதனால கீதையும் வேண்டாம்னு அம்மா சொல்றாங்க. என்ன செய்யட்டும்?
– வாசகி, விருதுநகர்

பதில்: கீதை பாரதத்துக்குள்ள பீஷ்ம பர்வத்துல வர்றதுதான், அதனால அம்மா சொல்றதுல லாஜிக் இருக்கு. உங்க வீட்ல பாரதம் படிக்காமலே சண்டை நடக்குதான்னு மட்டும் மெதுவா கேட்டுப் பாருங்க.

கேள்வி: என் மாமனார் 20 வருஷமா தினமும் கீதை பாராயணம் பண்றாரு. காபி ரெண்டு நிமிஷம் லேட்டானா வீடே அதிரும். இதுக்கு என்ன சொல்றீங்க?
– பெயர் வேண்டாம், சேலம்

பதில்: கோபம் வந்தா மயக்கம், அப்புறம் ஞாபகம் போகும், அப்புறம் புத்தி போகும்னு ரெண்டாவது அத்தியாயத்துல 63வது ஸ்லோகம் படி படியா சொல்லுது, அவருக்கு அது மனப்பாடமாவே இருக்கும். எங்க வீட்டு கீதை மட்டும் என்ன, அட்டையில சந்தனம், முதல் பக்கத்துல குங்குமம், நடுவுல மயிலிறகு, பூஜை ரூம் எண்ணெய் பட்டு பத்து பக்கம் ஒட்டியே போச்சு, பிரிச்சா கிழியுது. கும்பிட்டிருக்கோம், படிக்கல. மாமனார்கிட்ட ஸ்லோகத்தை எடுத்து காட்டிடாதீங்க, காபிய சீக்கிரம் போடுறது ஈஸி.

கேள்வி: எப்ப பாத்தாலும் கீதைதானா? தமிழ் புக் எதுவும் யாரையும் மாத்தினதில்லையா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: நல்லா கேட்டீங்க. மதுரையில சித்தப்பா வீட்ல தங்கி அமெரிக்கன் மிஷன் ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்த பையன் வெங்கட்ராமன், 16 வயசு இருக்கும், ஃபுட்பால் மேலதான் இஷ்டம். சித்தப்பா யார்கிட்டயோ இரவல் வாங்கி வச்சிருந்த பெரிய புராணம், அதான் 63 நாயன்மார் கதை, கையில கிடைச்சுது. ஸ்கூல்ல நடந்த பைபிள் வகுப்ப விட்டா அவரு தொட்ட முதல் பக்தி புக் அதுதான். இப்படியும் மனுஷங்க இருந்தாங்களான்னு ஆடிப் போயிட்டாரு. 1896 ஜூலையில திடீர்னு சாகப் போறோம்ங்கற பயமும், உடம்பு வேற தான் வேறங்கற அனுபவமும் வந்துது, அது புக்னால வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் தினமும் மீனாட்சி கோயிலுக்கு போயி அறுபத்து மூவர் முன்னாடி நின்னு, இவங்க மாதிரி பக்தி எனக்கும் வரணும்னு கண்ணீர் விட்டாராம். ஆகஸ்ட் 29ம் தேதி, இங்கிலீஷ் கிராமர் இம்போசிஷனை பாதியில வச்சிட்டு, அண்ணனோட காலேஜ் ஃபீஸ் அஞ்சு ரூபாயில மூணை எடுத்துக்கிட்டு, மீதி ரெண்டை லெட்டரோட வச்சிட்டு ரயில் ஏறிட்டாரு. அவர்தான் ரமண மகரிஷி.

நீங்க சிதம்பரம்ங்கறதால உங்க ஊர் குயவர் திருநீலகண்டர்லேர்ந்து ஆரம்பிங்க. வேற பொண்ணு வீட்டுக்கு போயிட்டு வந்த புருஷன்கிட்ட அந்தம்மா, எம்மைத் தொட்டா திருநீலகண்டத்து மேல ஆணைன்னு சொல்லிடுறாங்க. என்னைன்னு சொல்லாம எம்மைன்னு பன்மையில சொன்னதால எந்த பொண்ணையும் தொடக்கூடாதுன்னு அவரு எடுத்துக்கிறாரு, ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் கிழவன் கிழவி ஆகுற வரைக்கும். கடைசியில குளத்துல ஆளுக்கொரு பக்கம் மூங்கில் கம்பை புடிச்சுக்கிட்டு இறங்குற இடத்துக்கு வந்ததும் எனக்கு எழுதுங்க.