அடுத்தவர்களிடமிருந்து ஊக்கம் பெற்று நம்மை உயர்த்திக்கொள்வது எப்படி?

கூடப் படித்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ போய்விட்டார்கள், நான் மட்டும் அதே இடத்தில் நிற்கிறேன், யாரைப் பார்த்துத் தெம்பு தேடிக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 19 வயதில் நானும் அப்படித்தான் நின்றேன்.

எனக்குக் காரைக்குடிப் பக்கம். இங்கே யார் புத்திமதி சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் வள்ளல் அழகப்பர்தான் வருவார். பக்கத்துக் கோட்டையூரில் பிறந்தவர், 48 வயது நிறையும் முன்பே 1957-இல் போய்விட்டார், அதற்குள் சிக்ரி என்று நாங்கள் சொல்லும் மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவரைக் கும்பிடாமல் நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் ப்ளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் தோற்றுப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு அவர் கோபுரம் மாதிரி, அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பழைய புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வீட்டையே நிரப்பி வைத்தவர். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதையெல்லாம் வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக்கியது. அவர் கதை எனக்குக் கொஞ்சம் கிட்டே இருந்தது, தினமும் ஒன்று என்றால் என்னாலும் முடியும் என்று தோன்றியது. இருந்தாலும் என்னை நகர்த்தியது ஊர் அறிந்த பெயர்கள் இல்லை.

கையால் செய்யும் பூ டைல்ஸுக்குப் பேர்போன பக்கத்து ஊர் ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். டைல்ஸை நாங்கள் கல் என்றுதான் சொல்வோம். கண்ணாடியைத் துடைத்து எண்ணெய் தடவி, சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்தச் சாயம் கலந்த சிமெண்ட் கரைசலை ஊற்ற வேண்டும். அப்புறம் அச்சை எடுக்க வேண்டும். உயிர் போவது அங்கேதான். கை ஒரு நூல் அசைந்தால் சிவப்பு போய் மஞ்சளில் கலந்துவிடும், பூ குழம்பிவிடும். நான் இரண்டு மாதம் குழப்பிக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் "பரவாயில்லடா, வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள், ஆனால் அதைக் கேட்கக் கேட்க எனக்கு இது வராது என்றுதான் உறுதியானது.

பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். ஒருநாள் தன் வேலையை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். நாலு கல்லுக்கு வாயே திறக்கவில்லை. ஐந்தாவதில், "தம்பி, அச்சைத் தூக்கும்போது மூச்சை அடக்குற. அதான் கை நடுங்குது. மூச்சை விட்டுக்கிட்டே தூக்கு" என்றார். அன்று சாயந்திரம் ஒரு கல் சரியாக வந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஊறி முடிந்து அந்தக் கல்லைக் கையில் எடுத்தபோது பூ ஓரம் பிசிறாமல் இருந்தது. அவர் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்காகத்தான் மறுநாள் சீக்கிரம் கிளம்பிப் போனேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு ஆச்சி வந்தார்கள். வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், நாலு கல் உடைந்துவிட்டது, அதே மாதிரி வேண்டும் என்று உடைந்த துண்டை ஒரு துண்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தப் பழைய பச்சையைப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கல்லைப் பதித்த பிறகு சொல்லி அனுப்பினார்கள். போனேன். "நீ போட்டது எதுன்னு காட்டு பார்ப்போம்" என்றார்கள். குனிந்து பார்த்தேன், முட்டி போட்டுப் பார்த்தேன், என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆச்சிக்கு நான் ப்ளஸ் டூவில் தோற்ற கதை தெரியும். சிரித்துக்கொண்டே கந்தரப்பமும் காபியும் கொடுத்து, "கணக்குப் பாடத்தையும் இப்படி மூணு நாள் உட்கார்ந்து பார்த்தியாப்பா?" என்று கேட்டார்கள். கோபம் வரவில்லை, ஏனென்றால் உட்காரவில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் அந்தப் பேப்பரை எழுதித் தேறினேன், பிறகு அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் பி.காம். முடித்தேன்.

வசதியான வீட்டு ஆச்சிக்கு அடுத்தவரைத் தட்டிக்கொடுப்பதில் என்ன செலவு என்று யாராவது கேட்கலாம். அவர்கள் கொடுத்தது பணம் இல்லை. ஒரு கல்லைக்கூட விடாமல் பார்த்தார்கள், அதைச் சொல்கிறேன். எல்லாரும் பட்டறைக்கு வாருங்கள் என்றும் சொல்லவில்லை. உங்கள் வேலையை நின்று பார்க்கிற ஒருவர் பக்கத்திலேயே இருக்கக்கூடும், அதிகம் பேசாதவராகவும் இருப்பார். அவரைத் தேடுங்கள், கூடப் படித்தவர்கள் போடும் போட்டோக்களை விடுங்கள்.

சொல்ல வந்ததோடு இன்னொன்று. இப்போது மிஷினில் அச்சடித்த டைல்ஸை "ஆத்தங்குடி" என்று சொல்லியே விற்கிறார்கள். வீடு கட்டுகிறவர்கள் அந்த விலையை எங்களிடம் காட்டி, நீங்கள் ஏன் கூடச் சொல்கிறீர்கள் என்கிறார்கள். ஒவ்வொரு கல்லையும் ஒரு மனிதர் மூச்சைப் பார்த்துத் தூக்குகிறார் என்று எத்தனை பேருக்கு விளக்குவது? வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும்.

பெரியவர் இப்போது வேலைக்கு வருவதில்லை, கை நடுக்கம். மாதம் ஒரு தடவை ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். போன மாதம் திண்ணையில் உட்கார்ந்து கல்லை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவர், "பச்சை கொஞ்சம் கூடிப்போச்சு தம்பி" என்றார். நான் திரும்பி வந்து கலவையை மாற்றினேன்.