காதுக்குள் கல்

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. ஒரு வாரமாக, விடியற்காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது என்று கட்டிலைப் பிடித்துக்கொள்கிறார். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்தோம். டாக்டரோ, காதில் கல் நகர்ந்துவிட்டது என்கிறார். காதுக்குள் கல் எப்படி வந்தது?
- வாசகி, பெரம்பூர்

பதில்: வெளியிலிருந்து வந்ததில்லை அம்மா. பிறக்கும்போதே எல்லோர் காதிலும் இருக்கிறது. அது இல்லாவிட்டால்தான் சிக்கல்.

உள்காதில் இரண்டு சிறு பைகள் உண்டு. அவற்றில் உணர்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லின் தலையிலும் குட்டையிலிருந்து நெட்டையாக, படிக்கட்டு போல் ஒரு கொத்து நுண்மயிர்கள். அவற்றின் மேல் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழவழப்பான படலம். அதன் மேல் கோலமாவைத் தூவினாற்போல் பொடிப்பொடியாகக் கற்கள். முட்டை ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட். தலையைச் சாய்த்தால் கற்களின் கனம் படலத்தைச் சரிவுப் பக்கம் இழுக்கும், மயிர்கள் வளையும். பேருந்து சட்டென்று கிளம்பினாலும் கற்கள் பின்தங்கி, மயிர்கள் பின்பக்கம் வளையும்.

மயிர்களின் நுனிகளை மெல்லிய இழைகள் ஒன்றோடொன்று கட்டியிருக்கின்றன. நெட்டைப் பக்கம் வளைந்தால் இழை இறுகி ஒரு சின்னக் கதவு திறக்கும். பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாயும். நரம்பு வேகமாகத் துடிக்கும். குட்டைப் பக்கம் வளைந்தால் துடிப்பு குறையும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தலை அசையாதபோதும் அந்த நரம்பு சும்மா இருப்பதில்லை என்பதுதான். சீராகத் துடித்துக்கொண்டே இருக்கும். அது கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்துத்தான் எந்தப் பக்கம் என்று மூளை கண்டுகொள்கிறது.

தலை சுழல்வதைச் சொல்ல வேறு ஏற்பாடு. திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் துளசி இலையை மிதக்கவிட்டு, டம்ளரைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். இலை நின்ற இடத்திலேயே நிற்கும். தலை திரும்பும்போது குழாய்த் திரவமும் இப்படியே பின்தங்கி, குறுக்கே இருக்கும் மென்மையான தடுப்பைத் தள்ளுகிறது. அந்தத் தடுப்பின் அடியிலும் அதே மயிர்ச் செல்கள்தான்.

இந்தக் குழாய்களில் கல் இருக்கக் கூடாது. வயதாகும்போது பையிலிருந்து சில கற்கள் உதிர்ந்து குழாய்க்குள் போய்விடும். புரளும்போது அவை உருண்டு திரவத்தை இழுக்க, தலை நின்ற பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கிறோம் என்று மூளைக்குச் செய்தி போகும்.

மேற்கு மாம்பலத்தில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையைப் பாதி திருப்பி, சட்டென்று படுக்கச் சாய்ப்பேன். சில நொடி ஒன்றும் இருக்காது. அப்புறம் கருவிழி துள்ளித் துள்ளிச் சுழலும். என் கையை இறுகப் பற்றிக்கொள்வார்கள். "கண்ணை மூடாதீங்கம்மா, இதோ நின்னுடும்" என்பேன். அரை நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். பிறகு ஒரு குறிப்பிட்ட வரிசையில் தலையைத் திருப்பி, கல்லை மறுபடி பைக்கே அனுப்புவோம். எப்லி முறை என்று பெயர். பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும். சிலருக்குக் கொஞ்ச காலம் கழித்துத் திரும்ப வரலாம், அப்போதும் இதேதான் வைத்தியம்.

எலுமிச்சைச் சாறு கல்லை நகர்த்தாது, மாத்திரையும் நகர்த்தாது. பித்தம் பித்தம் என்று மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, ராத்திரி பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் வருகிற பெரியவர்களைப் பார்த்தால் மனசு தாங்குவதில்லை.

ஒன்று மட்டும் கவனம். சுற்றலோடு பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ காதுக்கல் என்று இருந்துவிடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது, வலப்பக்கம் புரண்டால்தான் சுற்றுகிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வீடியோ பார்த்து நீங்களாகத் தலையைத் திருப்பிவிட வேண்டாம். அதுவரை மாமியார் எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்திலேயே உட்காரட்டும். ராத்திரி பாத்ரூம் விளக்கை அணைக்காதீர்கள்.