பணம் கட்டியாச்சு, ஃபைல் வரவில்லை: வாசகர் கேள்வி–பதில்

டவுன்லோட் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வீடியோ எடிட்டிங் மென்பொருள் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 6 ஜிபி. பென்டிரைவில் சேமிக்கிறேன். மூன்று முறை முயன்றும் 4 ஜிபி வந்ததும் நின்றுவிடுகிறது. விற்ற நிறுவனம் ‘உங்கள் இணைய இணைப்பு சரியில்லை’ என்கிறது. இணைப்பை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். இணைப்பில் கோளாறு என்றால் ஒரு தடவை 1 ஜிபியில் நிற்கும், இன்னொரு தடவை 5 ஜிபியில் நிற்கும். மூன்று முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் பென்டிரைவைத்தான் பார்க்க வேண்டும். பல பென்டிரைவ்கள் ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் வருகின்றன. அதில் எவ்வளவு காலி இடம் இருந்தாலும் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சரியாகச் சொன்னால் 4,294,967,295 பைட். விண்டோஸில் பென்டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ போனால் எந்த அமைப்பு என்று தெரிந்துவிடும். கணினியின் உள் டிஸ்க்கில் ஃபைலை இறக்குங்கள். பென்டிரைவில்தான் வேண்டும் என்றால், உள்ளே இருப்பதையெல்லாம் வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். நகலெடுக்காமல் செய்தால் அத்தனையும் போய்விடும். ‘எங்கே சேமிக்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் விற்றவர்களுக்கே இது புரிந்திருக்கும். கேட்காமலே பழியை உங்கள் தலையில் போட்டது தவறு.

கேள்வி: மின்னூல் ஒன்று வாங்கினேன். இறங்கிய ஃபைல் 2 கேபி கூட இல்லை, திறக்கவும் மாட்டேன் என்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இன்னும் இல்லை. ஃபைல் பெயரின் கடைசியில் ஏசிஎஸ்எம் என்ற நான்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அது புத்தகத்தை வாங்கிக்கொள்வதற்கான சீட்டு மட்டும்தான். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் இந்த ஃபைலைத் திறந்தால் அது சர்வரோடு பேசி உண்மையான புத்தகத்தை இறக்கித் தரும். அதற்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். எந்த அடோபி கணக்கில் முதலில் திறக்கிறீர்களோ, அந்தச் சீட்டு அந்தக் கணக்கோடு கட்டுப்பட்டுவிடும். நண்பரின் கணினியில் அவர் கணக்கில் திறந்துவிட்டு, அப்புறம் உங்கள் கணக்கில் திறக்க முடியாது. இதை விற்பனைப் பக்கத்திலேயே இரண்டு வரியில் எழுதிப்போட விற்பவர்களால் முடியும். பலர் எழுதுவதில்லை.

கேள்வி: மின்னஞ்சலில் ‘பில்’ என்று ஒரு ஃபைல் வந்தது. பெயரில் பிடிஎஃப் என்று இருக்கிறது, அதற்கும் பின்னால் இஎக்ஸ்இ. பிரௌசர் தடுக்கிறது. தடையை மீறி எப்படி இறக்குவது?

பதில்: மீறக் கூடாது. பெயரின் கடைசியில் இஎக்ஸ்இ என்றிருந்தால் அது பில் இல்லை, புரோகிராம். மின்னஞ்சலையே அழித்துவிடுங்கள்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் ஒரு இசைப் பயிற்சி வீடியோத் தொகுப்பு வாங்கினேன். வேலை மும்முரத்தில் அன்றைக்கு இறக்கவில்லை. இப்போது லிங்க்கைத் தட்டினால் ‘403’ என்று வருகிறது. பிரௌசரை மாற்றிப் பார்த்தேன், கேஷ் (பிரௌசர் சேமித்து வைக்கும் தற்காலிக நகல்கள்) அழித்துப் பார்த்தேன். விற்றவரைக் கேட்டால், லிங்க்குக்கு 30 நாள்தான் ஆயுள், புது லிங்க்குக்குத் தனிக் கட்டணம் என்கிறார்.

பதில்: 403 என்றால், சர்வருக்கு உங்கள் கோரிக்கை புரிந்தது, ஆனால் தர மறுக்கிறது என்று பொருள். எனவே கேஷை அழிப்பதில் பயனில்லை. அவர்கள் தளத்தில் உங்கள் கணக்கில் லாகின் செய்து, ஆர்டர் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு முறை தட்டிப் பாருங்கள். அங்கேயும் மறுத்தால் கோளாறு உங்கள் பக்கம் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இத்தகைய லிங்க்கின் உள்ளே காலாவதி நேரமும், யாரும் அதைத் திருத்தாமல் காக்கும் ஒரு கையொப்பமும் இருக்கும். ஒருவர் வாங்கிய லிங்க் ஆயிரம் பேருக்குப் பரவாமல் தடுக்க அது நியாயமான ஏற்பாடுதான். ஒரு மணி நேரத்தில் காலாவதியானாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லிங்க் காலாவதியானதும் வாங்கியவரின் உரிமையும் காலாவதியாகிவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? புது லிங்க் உருவாக்க விற்பவருக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஒரே பொருளுக்கு இரண்டாவது முறை காசு வாங்குவதற்கு இது ஒரு வழி, அவ்வளவுதான்.

நானும் இதில் பணம் இழந்தவன். பல வருடங்களுக்கு முன் ஒரு மென்பொருள் வாங்கியபோது, பணம் கட்டும் பக்கத்தில் ‘இரண்டு ஆண்டு டவுன்லோட் பாதுகாப்பு’ என்ற கூடுதல் கட்டணம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தது. கணினி கெட்டுப்போனால் மறுபடி இறக்க முடியாதோ என்ற பயத்தில் அதை விட்டுவைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, லைசென்ஸ் எண் கையில் இருந்தால் போதும், அதே ஃபைலைத் தயாரிப்பாளரின் தளத்திலேயே இலவசமாக எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம் என்று. திருப்பிக் கேட்டேன். தரவில்லை.

பெரிய நிறுவனங்களிடம் வாங்கினால் இந்தக் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2009 ஜூலையில் அமேசான், விற்ற சில நாவல்களை வாசகர்களின் கிண்டில் என்ற மின்னூல் கருவிகளிலிருந்தே நீக்கியது. மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் தன் மின்னூல் கடையை மூடியது, வாங்கிய புத்தகங்களும் அந்த ஆண்டு ஜூலையோடு திறக்காமல் போயின. இரண்டு தடவையும் பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் வாங்கிய புத்தகம் வாசகரைக் கேட்காமலே கையை விட்டுப் போனது. வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, யுஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரி 26-இல் அமேசான் எடுத்துவிட்டது. பொருளைச் சொந்தமாகத் தராமல் பயன்படுத்தும் உரிமம் மட்டும் தருகிறவர்கள் ‘வாங்குங்கள்’ என்ற பொத்தானை விளக்கமில்லாமல் வைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டமே நடப்பில் இருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி ஒன்று வர வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பணம் கட்டியபோது வந்த ரசீது மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். அதிலோ பணம் கட்டும் பக்கத்திலோ 30 நாள் என்ற நிபந்தனை இல்லையென்றால், அதையே குறிப்பிட்டு எழுத்தில் புது லிங்க் கேளுங்கள். மறுத்தால், கார்டில் கட்டியிருக்கும் பட்சத்தில் வங்கியிடம் ‘பொருள் வந்து சேரவில்லை’ என்று முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, மூன்று மாதம் ஆகிவிட்டதால் இன்றைக்கே பேசுங்கள். அடுத்த முறை வாங்கிய அன்றே இறக்கி, திறந்து பார்த்து, இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

கேள்வி: என் இணைப்பு 100 எம்பிபிஎஸ். ஆனால் பிரௌசரில் நொடிக்கு 12 எம்பிதான் இறங்குகிறது. ஒரு ‘டவுன்லோட் பூஸ்டர்’ விளம்பரம் பார்த்து ஒரு வருடச் சந்தா கட்டினேன். வேகம் ஏறவில்லை, பிரௌசரின் முதல் பக்கமும் தேடல் தளமும் மாறிவிட்டன.

பதில்: சந்தா கட்டுவதற்கு முன் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டிருக்கலாம். இணைய நிறுவனம் சொல்லும் 100, மெகாபிட். பிரௌசர் காட்டுவது மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட், 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. உங்கள் இணைப்பு தரக்கூடிய முழு வேகத்தையும் தந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் எந்த மென்பொருளாலும் ஏற்ற முடியாது. விளம்பரத்தில் வந்தது என்பதற்காக எதையும் கணினிக்குள் விடுகிற பழக்கத்தை எத்தனை முறை எழுதினாலும் பலர் விடுவதில்லை, அது எனக்கு ஆயாசமாக இருக்கிறது. முதலில் சந்தாவின் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். மென்பொருளை நீக்குங்கள். பிரௌசரில் எக்ஸ்டென்ஷன் (பிரௌசரோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) பட்டியலைத் திறந்து, நீங்கள் போடாதவற்றை அகற்றுங்கள். கடைசியாக, பிரௌசர் அமைப்புகளை ‘ரீசெட்’ செய்யுங்கள். புக்மார்க்குகள் போகாது.

கேள்வி: 1 டிபி என்று எழுதிய பென்டிரைவ் மிக மலிவாகக் கிடைத்தது. என் பாடங்களின் வீடியோக்களை அதில் டவுன்லோட் செய்து வைத்தேன். பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, ஆனால் முதலில் போட்டவை சில மட்டும் ஓடுகின்றன. பிரௌசர் சரியாக இறக்கவில்லையா?

பதில்: பிரௌசர் சரியாகத்தான் இறக்கியிருக்கும். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அஞ்சுகிறேன், எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. சிறிய சிப் ஒன்றைப் போட்டு, அதன் உள் நிரலை மட்டும் திருத்தி ‘நான் 1 டிபி’ என்று கணினியிடம் சொல்ல வைப்பார்கள். உண்மையான இடம் நிறைந்ததும், அதற்குப் பின் எழுதுவது எங்கேயும் போய்ச் சேராது, அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும். பெயரும் அளவும் பட்டியலில் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.

எனக்கும் இதே நடந்தது. என் அம்மா பேசிய குரல் பதிவுகளை அப்படி ஒரு பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டேன். பதினாறு பதிவுகளில் நான்குதான் மீண்டன. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: இப்போதே அதில் எழுதுவதை நிறுத்துங்கள். ஓடுகிற வீடியோக்களை உடனே வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அப்புறம் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவசக் கருவியால் சோதியுங்கள். டிரைவ் நிறையும் வரை எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து, உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவை சொல்லிவிடும். பல மணி நேரம் ஆகும். முடிவைப் படம் பிடித்து, விற்ற தளத்துக்கு அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். ‘ஃபார்மட் செய்து பாருங்கள்’ என்பார்கள், பாதித் தொகை தருகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், முழுத் தொகையும் உங்களுடையது. புகாரில் ‘பழுது’ என்று எழுத வேண்டாம், ‘போலியான கொள்ளளவு’ என்றே எழுதுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது. ஒரு படிவம் டவுன்லோட் ஆகவில்லை என்று இணையத்தில் தேடி, முதலில் வந்த ‘பிரௌசர் உதவி எண்’ணுக்குப் பேசியிருக்கிறார். அவர்கள் கணினிக்குள் நுழைந்து ‘சரிசெய்து’, கார்டில் பெரிய தொகை எடுத்துவிட்டார்கள். அப்பா யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பதில்: அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள்: இது அவருடைய முட்டாள்தனம் இல்லை. நாள் முழுக்க இதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் அவர் தனியாக மாட்டிக்கொண்டார். உதவி கேட்கத்தான் அவர் பேசினார்.

இப்போது வேகமாகச் செய்ய வேண்டியவை. அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். வங்கியின் எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்து பார்த்து அழைத்து, கார்டை முடக்கச் சொல்லி, பண எடுப்பை மோசடி என்று பதிவு செய்யுங்கள். இணையத்தில் தேடி எடுத்த எண்ணை அழைக்க வேண்டாம். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்க அவர்கள் போட்ட மென்பொருளை நீக்குங்கள். முடிந்தால் விண்டோஸையே புதிதாக நிறுவிவிடுவது நல்லது. சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். சில நாளில் ‘பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று ஒரு அழைப்பு வரக்கூடும். அதுவும் மோசடிதான், அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படிவத்தைப் பொறுத்தவரை, தானாகத் திறக்கும் சாளரங்களைத் தடுக்கும் பிரௌசரின் பாப்-அப் தடுப்பான் தடுத்திருக்கலாம். எக்ஸ்டென்ஷன்கள் இயங்காத தனிப்பட்ட (இன்காக்னிட்டோ) சாளரத்தில், பாப்-அப்பை அனுமதித்து, நீங்களே ஒரு முறை இறக்கிக் கொடுங்கள்.

கேள்வி: வீடியோ பார்க்க விஎல்சி பிளேயர் என்ற மென்பொருளை டவுன்லோட் செய்யத் தேடினேன். ஒரு தளம் கட்டணம் கேட்டது, கட்டினேன். சரிதானே?

பதில்: சரியில்லை. விஎல்சியை வெளியிடும் வீடியோலான் லாப நோக்கமற்ற அமைப்பு, அவர்கள் தளத்தில் அது எப்போதும் இலவசம். தேடலில் மேலே வருவது பல சமயம் விளம்பரம். முகவரியைப் படிக்காமல் கார்டு எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், அங்கே இறக்கியதை நீக்குங்கள்.

கேள்வி: கட்டணம் கட்டிய பாடக் குறிப்பு பிடிஎஃப் ‘சேதமடைந்த ஃபைல்’ என்றே வருகிறது. 14 கேபி. மூன்று முறை இறக்கியாச்சு.

பதில்: அதை நோட்பேடில் திறங்கள். உண்மையான பிடிஎஃப் என்றால் தொடக்கத்தில் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் இருக்கும். உங்களுடையதில் எச்டிஎம்எல் என்ற சொல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அது வலைப்பக்கத்தின் அடையாளம். லாகின் காலாவதியாகி, பாடக் குறிப்புக்குப் பதில் லாகின் பக்கமே அந்தப் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. வெளியேறி, மறுபடி உள்ளே போய், உடனே இறக்குங்கள்.

கேள்வி: போனில் எந்த டவுன்லோடும் ‘காத்திருக்கிறது’ என்றே நிற்கிறது. புதுப் போன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ‘வைஃபையில் மட்டும்’ என்ற அமைப்பையும், டேட்டா சேமிப்பானையும், காலி இடத்தையும் பாருங்கள்.

கேள்வி: வாங்கிய படம் பாதியில் நின்றது. ஃபைல் பெயரின் கடைசியில் சிஆர்டவுன்லோட் என்று இருந்ததை எடுத்துவிட்டு எம்பி4 என்று மாற்றினேன். ஓடவில்லை.

பதில்: பெயரை மாற்றினால் வராத பாதி வந்துவிடாது. அந்தச் சொல், குரோமும் எட்ஜும் அரைகுறை ஃபைலுக்கு வைக்கும் அடையாளம். பயர்பாக்ஸில் அதுவே ‘பார்ட்’. பழைய பெயரையே திரும்ப வைத்து, டவுன்லோட் பட்டியலில் ‘ரெஸ்யூம்’ தட்டிப் பாருங்கள். சர்வர் விட்ட இடத்திலிருந்து தர ஒப்புக்கொண்டால் மிச்சம் மட்டும் வரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் முதலிலிருந்துதான்.