முன்கூட்டியே வாங்கிய கன்றுகளை வசந்தம் வரை காப்பது: கேள்வி பதில்

கேள்வி: இலையுதிர்காலக் கடைசியில் ஆப்பிள், பேரி ஒட்டுக்கன்றுகளை வாங்கினேன். மண் இல்லாமல் வெறும் வேரோடு வந்திருக்கின்றன. நிலம் இறுகிவிட்டதால் நட முடியவில்லை. வீட்டின் நிலவறையில் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் முதலில் அங்கே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுச் சில நாட்கள் பாருங்கள். 0 முதல் 2 டிகிரி செல்சியஸ் மிகச் சிறந்தது, 4 டிகிரி வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் கன்று விழித்துக்கொள்ளும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆப்பிள் போன்ற மரங்கள் குளிர்காலத் தொடக்கத்தில் உள்ளார்ந்த உறக்கத்தில் இருக்கும். குறிப்பிட்ட அளவு குளிரை, பல ஆப்பிள் வகைகளுக்கு ஏறத்தாழ 1,000 மணி நேரத்தை, அனுபவித்து முடிக்கும்வரை கொஞ்சம் கதகதப்புப் பட்டாலும் அவை துளிர்ப்பதில்லை. அந்தக் கணக்கு தீர்ந்த பிறகு மொட்டைத் தடுத்து நிறுத்துவது வெளிக்குளிர் ஒன்றுதான். ஆகையால் குளிர்காலத் தொடக்கத்தில் 6 டிகிரியில் அமைதியாகக் கிடந்த கன்று, குளிர்காலக் கடைசியில் அதே 6 டிகிரியில் மொட்டு வீங்கி நிற்கும். காவல் தளரக் கூடாத காலம் கடைசி வாரங்களே.

வேர்களை ஈர மணலிலோ மரத்தூளிலோ தேங்காய் நார்க்கழிவிலோ வேர்க்கழுத்து (வேரும் தண்டும் சேரும் இடம்) வரை புதைத்து வையுங்கள். ஒட்டுக்கட்டிய இடம் வெளியே தெரியட்டும். ஈரம் எவ்வளவு என்பதைக் கையே சொல்லும்: ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. நிலவறையில் ஆப்பிள் பழங்களைச் சேமித்திருந்தால், பழங்கள் அல்லது கன்றுகள், இரண்டில் ஒன்றை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். பழுக்கும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு, உறங்கும் மொட்டுகளைக் கெடுத்துவிடும்.

கேள்வி: நிலவறை இல்லை, தோட்டம் மட்டும் இருக்கிறது. வெளியிலேயே காக்க வழி உண்டா?

பதில்: உண்டு, என்னைக் கேட்டால் பழமரங்களுக்கு அதுவே நம்பகமான வழி. நீர் தேங்காத மேட்டுப்பாங்கான இடத்தில் ஒரு முழ ஆழத்துக்குச் சிறு பள்ளம் வெட்டி, ஒரு பக்கச் சுவரைச் சரிவாக்கி, கன்றுகளை அந்தச் சரிவில் சாய்த்துப் படுக்க வையுங்கள். வட அரைக்கோளத்தில் நுனிகள் தெற்கு நோக்கி இருக்கட்டும்; அப்போது வெயில் தண்டின் பக்கவாட்டில் நேராக விழாது, பட்டை வெடிக்காது. வேரையும் தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கையும் மண்ணால் மூடி, நீர் ஊற்றி, காற்றுப்பை எதுவும் எஞ்சாதபடி மிதித்து இறுக்க வேண்டும். வேர்களிடையே வெற்றிடம் இருந்தால் அங்கேதான் உலர்வும் பூஞ்சணமும் தொடங்கும்.

மண்மூட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மரத்தில் குளிருக்கு மிக எளிதில் தோற்பது வேர்தான். கிளைகள் மைனஸ் 25 டிகிரியைத் தாங்கும் ஆப்பிளில்கூட வேர்கள் மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே சேதமடையத் தொடங்கிவிடும். மேலே வைக்கோல் பரப்பாதீர்கள். எலிகள் அதில் குடியேறி, பட்டையைச் சுற்றிலும் கொறித்துக் கன்றைக் கொன்றுவிடும். ஊசியிலைக் கிளைகளையோ கம்பி வலையையோ பயன்படுத்துங்கள். பனி பெய்தால் அதையும் மேலே குவியுங்கள். அதைவிட நல்ல போர்வை இல்லை.

கேள்வி: அடுக்குமாடியில் வசிக்கிறேன். இரண்டு சிறிய ரோஜாக் கன்றுகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

பதில்: கீழ்த்தட்டில் வைக்கலாம். வேரை ஈரப் பாசியிலோ நார்க்கழிவிலோ சுற்றி, சில துளைகள் இட்ட பாலித்தீன் பையில் போட்டு, பழங்களிலிருந்து தள்ளி வையுங்கள். வாரம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தண்டில் மெழுகு பூசியிருந்தால் சுரண்ட வேண்டாம். அது ஈரத்தைக் காப்பதற்காகவே பூசப்பட்டது.

கேள்வி: நான் வாங்கிய ரோஜா, பெட்டிக்குள்ளேயே விரல் நீளத்துக்கு வெளிறிய தளிர்களை விட்டிருக்கிறது. வெளியே இன்னும் உறைபனி. என்ன செய்வது?

பதில்: மொட்டு வீங்கியிருந்தால் மட்டும் மீண்டும் 0 டிகிரி அருகே வைத்து நிறுத்திப் பார்க்கலாம். விரல் நீளத் தளிரை உறங்க வைக்க முடியாது. இருட்டில் வளர்ந்த அந்த வெளிறிய தளிர்கள் தண்டில் சேர்ந்திருந்த உணவைத் தின்றே நீண்டவை. அவற்றை அடியில் சிறிது விட்டு வெட்டுங்கள். பிறகு ஆழமான தொட்டியில் நட்டு, நல்ல வெளிச்சமுள்ள, 10 முதல் 12 டிகிரி அளவிலான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். உரம் வேண்டாம். உறைபனி முற்றிலும் நின்ற பிறகு, வேரைச் சுற்றிய மண் உதிராமல் அப்படியே தோட்டத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: தக்காளி, மிளகாய் நாற்றுகளையும் இப்படிக் குளிரில் வைக்கலாமா?

பதில்: கூடாது. அவற்றுக்கு உறக்கநிலையே கிடையாது. 10 டிகிரிக்குக் கீழே நீண்ட நேரம் இருந்தால் வளர்ச்சி நின்று நலிந்துவிடும். வளர்ச்சியை மெதுவாக்க வேண்டுமானால் வெளிச்சத்தைக் குறைக்காமல் வெப்பத்தை மட்டும் 16 டிகிரி அளவுக்குக் குறைத்து, நீரை அளவாக ஊற்றுங்கள். வேர் தொட்டியை நிறைத்துவிட்டால் சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். நடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள், வெளிக்காற்றையும் வெயிலையும் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

கேள்வி: தொட்டியில் உள்ள ஊசியிலை மரக்கன்றையும் இருட்டில் வைக்கலாமா?

பதில்: பசுமை மாறாத மரங்களுக்குக் குளிர்காலத்திலும் வெளிச்சம் வேண்டும். காற்றடிக்காத மூலையில் தொட்டியை மண்ணில் புதைத்து வையுங்கள். மண் உறையாத நாட்களில் நீர் ஊற்றுங்கள்.

கேள்வி: அஞ்சலில் வந்த கன்றுகளின் கட்டு உறைந்து கிடந்தது. தூக்கி எறிய வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். கட்டைப் பிரிக்காமல் 2, 3 டிகிரி உள்ள இடத்தில் மெதுவாக உருகவிடுங்கள். சூடான அறைக்கு நேராகக் கொண்டுவந்தால், பிழைக்கக்கூடிய கன்றும் கெடலாம். உருகிய பின் நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பாருங்கள்: உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் தண்டில் உயிர் உண்டு. அதோடு நின்றுவிடாமல் ஒரு வேரின் நுனியையும் வெட்டிப் பாருங்கள், ஏனெனில் வேர் செத்த கன்றின் தண்டு பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். வெட்டுவாய் வெளிர்நிறமாகவும் ஈரமாகவும் இருந்தால் நல்லது. பழுப்பாகிக் கொழகொழத்திருந்தால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்கள்.

கேள்வி: சேமித்த கன்றுகளை எப்போது நடலாம்?

பதில்: மண்ணின் உறைவு நீங்கி, அள்ளினால் சேறாக ஒட்டாமல் உதிரும் நிலை வந்தவுடன், மொட்டு விரியும் முன்பே நட்டுவிடுங்கள். உறங்கும் கன்றை இரவுப் பனி ஒன்றும் செய்யாது. நடும் முன் வேரைச் சில மணி நேரம் நீரில் ஊற வைக்கலாம். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் வேர் மூச்சுத் திணறும். சேமித்த இடத்திலிருந்து குழிக்குக் கொண்டுபோகும்போது வேரை ஈரச் சாக்கில் மூடியே கொண்டுபோங்கள்.